உடன்படிக்கையில் நாம் எந்தப் பக்கம்?

கனடாவின் சஸ்கட்டூன் நகரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 2023இல் கனடியக் குடியுரிமை பெற்றவர். புதிதாக வரும் குடிவரவாளர்களுக்கு உதவும் இலாப நோக்கற்ற அமைப்பொன்றில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். பூர்வகுடி இளையோருக்கான தலைமைத்துவப் பயிற்சியையும் உடன்படிக்கைக் கல்வியையும் (பூர்வகுடிகளுக்கும் அரசுக்கும் இடையே நிலம் பற்றிச் செய்யப்பட்ட உடன்படிக்கைகளைக் கற்பிப்பது) ஒன்றாகச் சேர்த்து ஒரு மூன்றாண்டு வேலைத்திட்டத்துக்கு அந்த அமைப்பு அரச நிதி கேட்கவிருக்கிறது. அதற்கு இவரையே பணிப்பாளராக நியமிப்பதென்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. விண்ணப்பத்தில் ஒப்பமிட வேண்டியவரும் இவர்தான்.

இவருடைய ஐயங்கள் நான்கு. வெள்ளையரும் அல்லாத, நிலமிழந்து வந்த ஒருத்தி இந்த வேலைக்குத் தலைமை தாங்குவதில் என்ன பிழை, “எங்களுக்கும் அதே கதைதானே” என்று கேட்கிறார். இந்தப் பதவி பூர்வகுடி ஒருவருக்கே போக வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம். அப்படி விதி வைப்பது பாகுபாடு, சட்டப்படி செல்லாது என்பது கணவரின் வாதம். மூன்றாவது, 1876இல் பூர்வகுடிகள் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த காணியைப் பற்றி இப்போது பாடம் நடத்துவது சரித்திர வகுப்பைத் தவிர வேறென்ன என்ற மனக்குறை. கடைசியாக, கடிதத்தின் மூலையில் போகிறபோக்கில் எழுதிய ஒன்று: விண்ணப்பத்தில் க்ரீ என்ற பூர்வகுடி இனத்து மூத்தோர் இருவரின் பெயர் ஆதரவாளர்களாகப் போடப்பட்டிருக்கிறது, எழுத்தில் சம்மதம் எதுவும் இல்லை, ஒரு கூட்டத்தில் அவர்கள் “தலையசைத்தார்கள்” என்கிறது நிர்வாகம். நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் “அம்மா, நாங்களும் உடன்படிக்கை மக்களா?” என்று கேட்டாள் என்றும், பதில் சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதி முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அமைப்பு ஒரே கட்டாகக் கட்டி வைத்திருப்பவை இரண்டு வேறு வேலைகள். புதிதாக வந்தோருக்கான உடன்படிக்கைக் கல்வியை நீங்கள் முன்னின்று நடத்தலாம், நடத்தவும் வேண்டும். பூர்வகுடி இளையோரைத் தலைமைக்கு வளர்க்கும் வேலையோ அவர்களுடைய சமூகத்தாரின் கையில் இருக்க வேண்டியது. அதற்கு நீங்கள் துணை நிற்கலாம், தலை நிற்க முடியாது. இரண்டையும் பிரிக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டால் பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சம்பள உயர்வைப் பார்க்காமல் விலகிக்கொள்ளுங்கள். இதற்கான காரணங்களை, நீங்கள் கடைசியில் வைத்திருக்கும் மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

சஸ்கச்சுவான் மாகாணம் 2007இல் உடன்படிக்கைக் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. “நாம் எல்லோரும் உடன்படிக்கை மக்கள்” என்பது அங்கே 1989 முதல் இயங்கிவரும் உடன்படிக்கை ஆணையர் அலுவலகம் பரப்பிய வாசகம். ஆகவே உங்கள் மகளின் பதில் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது: ஆம். ஓர் உடன்படிக்கைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் க்ரீ முதலான மக்கள். மறுபக்கத்தில் முடி, அதாவது கனடிய அரசு. அந்த அரசு கொடுத்த விசாவில் வந்திறங்கி, அந்த அரசு பதிந்து கொடுத்த உறுதியில் வீடு வாங்கிய நீங்களும் நானும் எந்தப் பக்கத்து ஆட்கள் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. 2021 ஜூனில் குடியுரிமை உறுதிமொழி திருத்தப்பட்டு, முதற்குடிகள், இனுவிட், மெத்தி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அரசமைப்பு ஏற்று உறுதிசெய்கிறது என்ற வரி அதில் சேர்ந்தது. பூர்வகுடிக் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் விடுத்த 94 அழைப்புகளில் கடைசியானது உறுதிமொழியில் உடன்படிக்கைகளைச் சேர்க்கும்படி கேட்டதுதான். 2023இல் கையை உயர்த்தி அந்த வரியை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். சபையோடு சேர்ந்து சொல்லும்போது அது காதில் விழாமல் போவது இயல்பு. என் சட்ட அலுவலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது நினைவிலேயே இல்லை.

காசுக்குக் கொடுத்த காணி என்ற எண்ணம்

இந்த எண்ணம் உங்களிடம் மட்டும் இல்லை. நமக்கு நிலம் என்றால் காணி உறுதி, தோம்பு, எல்லைக்கல். ஒப்பமிட்டுக் காசு கைமாறினால் கதை முடிந்தது. உங்கள் ஊர் நிற்கும் நிலத்துக்கான 1876இன் ஆறாம் உடன்படிக்கையின் ஆங்கில வாசகத்தை மட்டும் எடுத்துப் படித்தால் அதுவும் விற்பனை உறுதி போலத்தான் தெரியும். நிலத்தின் மீதான உரிமைகளை விட்டொழித்து ஒப்படைப்பதாகச் சொல்லும் வரி அதில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 1876 ஆகஸ்டில் ஃபோர்ட் கார்ல்டனிலும் செப்டம்பரில் ஃபோர்ட் பிட்டிலும் நடந்தது அந்த ஒரு வரியில் அடங்காது. க்ரீ தலைவர்கள் பேசியது தங்கள் மொழியில், மொழிபெயர்ப்பின் வழியே. மிஸ்டவாசிஸ், ஆதாகாகூப் என்ற இரு தலைவர்கள், அரசுத் தரப்பு கூட்டிவந்த மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் நம்பியிராமல், பீட்டர் இராஸ்மஸ் என்பவரைத் தாங்களே அமர்த்திக்கொண்டார்கள். காட்டெருமைக் கூட்டங்கள் அருகிக்கொண்டிருந்தன. 1870இன் அம்மைக் கொள்ளைநோய் சமவெளி மக்களை வாரிக்கொண்டு போய் ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதனால்தான் அவர்கள் விடாமல் பேசி, முந்தைய ஐந்து உடன்படிக்கைகளில் இல்லாத இரண்டை எழுத்தில் வாங்கினார்கள்: பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தால் உதவி, அரச முகவரின் வீட்டில் ஒரு மருந்துப் பெட்டி. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் கணக்கில் ஒதுக்கீட்டு நிலம், பள்ளி, உழவுக் கருவி, ஆளுக்கு ஆண்டுக்கு 5 டொலர் ஆகியவையும் உண்டு. புகைக்குழலை ஏந்திச் சடங்கு செய்த பின்னரே பேச்சு தொடங்கியது. க்ரீ மரபில் அந்தக் குழலின் முன் பொய் சொல்லக்கூடாது. ஏர்க்கலப்பை போகும் ஆழம் வரையே நிலத்தைப் பகிர்ந்துகொள்ள இசைந்தோம் என்பது மூத்தோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. உழவு தெரிந்த நமக்கு அந்த அளவு எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்ட ஆவணத்தை நீதிமன்றம் எப்படி வாசிக்கும்? கனடிய உச்ச நீதிமன்றம் 1983இல் நொவெகிஜிக் வழக்கிலும், 1996இல் பேட்ஜர் வழக்கிலும் வழியைத் தெளிவாக்கிவிட்டது. வாசகத்தில் ஐயம் இருந்தால் பூர்வகுடிகளுக்குச் சார்பாகவே தீர்க்க வேண்டும். முடி தன் மானத்தைக் காத்து நடக்க வேண்டும். பேச்சில் வாய்மொழியாகக் கொடுத்த வாக்கும் கணக்கில் வரும். சாதாரணக் காணி வழக்கு ஒன்றில் இப்படி வாதிட்டால் நீதிபதி என்னை உட்காரச் சொல்லிவிடுவார். உடன்படிக்கை தனி வகை ஆவணம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பழைய தாள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு உடன்படிக்கை உரிமைகளை ஏற்று உறுதிசெய்கிறது. சஸ்கச்சுவானில் வாக்களித்த அளவுக்கு நிலம் அளந்து கொடுக்கப்படவில்லை என்ற கணக்கைத் தீர்க்க 1992இல்தான் மாகாண அளவிலான ஒப்பந்தம் ஒப்பமானது. உங்கள் ஊரின் சதர்லாந்துப் பகுதியில் அலுவலகக் கட்டடங்கள் நிற்கும் ஓரிடம், 1988 முதல் மஸ்கெக் லேக் க்ரீ மக்களின் ஒதுக்கீட்டு நிலம். நகரத்துக்குள்ளேயே இருப்பதால் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவில் 1850இன் ரொபின்சன் உடன்படிக்கைகளின்படி வழங்கப்படும் ஆண்டுத்தொகை 1875 முதல் ஆளுக்கு 4 டொலரிலேயே நின்றுவிட்டது. முடி தன் வாக்கை மீறிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்திருக்கிறது. நம்மவர் செறிந்து வாழும் ஸ்காபரோ இருக்கும் ரொறன்ரோ மாநகரமும் பதின்மூன்றாம் உடன்படிக்கை, 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் ஆகியவற்றின் நிலத்தில்தான் நிற்கிறது.

உங்கள் ஊரில் அந்த 5 டொலர் கொடுக்கும் நாளில் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு மண்டபம், மடக்கு மேசைகள், பெயர்ப் பட்டியலோடு அலுவலர்கள், பக்கத்தில் சிவப்புச் சீருடையில் ஒரு காவலர். நான் பார்த்த அன்று ஒரு பாட்டி பேரனையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். வாங்கிய புதுத் தாளை மடிக்காமல் கைப்பையில் வைத்தார். வாகனம் நிறுத்த அவர் கொடுத்திருக்கக்கூடிய காசு அதைவிட அதிகம். பிறகு ஏன் வருகிறார் என்றால், ஒவ்வோர் ஆண்டும் அரசு அந்த மேசைக்கு வந்து, இந்தப் பற்று இன்னும் திறந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதால். விற்பனை முடிந்த காணிக்கு யாரும் ஆண்டுதோறும் வந்து காசு கொடுப்பதில்லை. உங்கள் வகுப்பின் முதல் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

எங்களுக்கும் அதே கதைதானே

இந்த வாக்கியத்தை நீங்கள் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மூத்தோரைச் சந்திக்கும் முதல் நாளில் அதைச் சொல்லாதீர்கள்.

ஒற்றுமை ஓரளவு உண்டு. நம் ஊர்ப் பத்திரங்களில் ‘முடிக்குரிய காணி’ என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். உறுதி காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்கே என்று இலங்கையில் 1840இல் சட்டம் செய்ததும் இதே பிரித்தானிய முடிதான். எழுதிய வாக்கு என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 1957இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலிலேயே கைவிடப்பட்டது. அதைக் கேட்டு வளர்ந்தவருக்கு, வாக்கு முறிந்தவர்களின் மனம் ஓரளவுக்காவது புரியும்.

வேறுபாடு எங்கே என்பதையும் பாருங்கள். பண்டா–செல்வா ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றத்துக்கும் எடுத்துச் செல்ல முடியவில்லை. இங்கே உடன்படிக்கை நாட்டின் உச்ச சட்டத்துக்குள் நிற்கிறது. அங்கே நாம் வாக்கை இழந்தவர்கள். இங்கே அந்த வாக்கின் பேரில் குடியேற இடம் பெற்றவர்கள். “நானும் உங்களைப் போலத்தான்” என்று ஒருவரிடம் சொன்னால், அவருக்கு நான் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை என்ற பொருளும் அதற்குள் ஒளிந்து வந்துவிடும். பழக்கம் வளர்ந்து, அவர்களே உங்கள் ஊரைப் பற்றிக் கேட்கும் நாள் வரும். அன்று சொல்லுங்கள்.

கணவரின் சட்டக் கேள்வி

அவருடைய வாதம் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, சட்டப்படி நிற்காது. கனடிய உரிமைகள் சாசனத்தின் 15ஆம் பிரிவு முதல் உட்பிரிவில் சமத்துவத்தைச் சொல்லிவிட்டு, இரண்டாம் உட்பிரிவில், பின்தள்ளப்பட்டோரின் நிலையை உயர்த்தும் திட்டங்களுக்கு அது தடையாகாது என்கிறது. பூர்வகுடிகளுக்கு மட்டும் 24 மணி நேரம் மீன்பிடி உரிமம் கொடுத்ததை மற்ற மீனவர்கள் எதிர்த்த கேப் வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் அந்த உட்பிரிவைக் காட்டியே திட்டத்தைக் காப்பாற்றியது. சாசனம் அரசைக் கட்டுப்படுத்துவது; உங்கள் அமைப்பு போன்ற தனியார் வேலைகொள்வோருக்குப் பொருந்தும் மாகாண மனித உரிமைச் சட்டமும் சமத்துவத் திட்டங்களுக்கு இடம் கொடுக்கிறது. எனவே தலைமைத்துவப் பயிற்சியின் பணிப்பாளர் பூர்வகுடியாக இருக்க வேண்டும் என்று விளம்பரத்தில் போடுவதற்கு முறையான வழி உண்டு. அதைச் செய்யும் முறையை மாகாண மனித உரிமை ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் இதில் சட்ட அனுமதியைவிடக் கனமான ஒன்று இருக்கிறது. ஆறாம் உடன்படிக்கைக்காகக் கைகுலுக்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அதே 1876இல், கனடிய நாடாளுமன்றம் இந்தியர் சட்டத்தை (பூர்வகுடிகளை ‘இந்தியர்’ என்று குறித்த சட்டம்) நிறைவேற்றியது. யார் தலைவர், எப்படித் தெரிவு, எவ்வளவு அதிகாரம் என்பதெல்லாம் படிப்படியாக அரசின் கைக்குப் போயின. 1927 முதல் 1951 வரை, நில உரிமை கோரி வழக்காட அரசின் அனுமதியின்றி நிதி திரட்டுவதே குற்றம். அதாவது என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞரை அவர்கள் அமர்த்திக்கொள்ள முடியாத காலம் அது. ஒதுக்கீட்டு நிலத்துச் சமூகங்களின் தேர்தல்களில் பெண்களுக்கு வாக்கு வந்ததும் 1951இல்தான். வெளியாரை மணந்த பெண், பூர்வகுடி என்ற தன் சட்டத் தகுதியையே இழந்தாள். அது மாற 1985 ஆயிற்று. குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் விடுதிப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த மக்களிடம் தலைமைப் பண்புக்குக் குறைவு இருந்ததில்லை. அவர்கள் யாரைத் தலைவராக வளர்க்க வேண்டும் என்பதை வெளியார் முடிவு செய்ததே நோய். அந்த நோய்க்கு மருந்தாக வரும் பயிற்சியையும் வெளியார் ஒருவர், எவ்வளவு நல்லவராயினும், தலைமையேற்று நடத்துவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாகாணத்து ரெஜைனாவில் பூர்வகுடிகளே நடத்தும் கனடிய முதற்குடிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. சஸ்கட்டூனிலும் அதன் வளாகம் உண்டு. பயிற்சியை வடிவமைக்க ஆள் இல்லை என்று உங்கள் நிர்வாகம் சொல்ல முடியாது.

தலையசைத்த இருவர்

நீங்கள் மூலையில் எழுதியதே எனக்குப் பெரிய கவலை. சம்மதமில்லாத பெயரை அரச நிதி விண்ணப்பத்தில் போட்டு, சரி என்று நீங்கள் ஒப்பமிட்டால், பின்னால் கேள்வி வரும்போது தவறான தகவல் கொடுத்தவர் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கும். நிதியைத் திருப்பிக் கேட்கலாம். அமைப்பு இனிமேல் விண்ணப்பிக்க முடியாமலும் போகலாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊருக்குள் அந்தச் செய்தி பரவினால் பிறகு எந்த மூத்தவரும் உங்கள் படியேற மாட்டார். தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது, ஆமென்பதற்கும் இல்லையென்பதற்கும் கேட்கிறேன் என்பதற்கும் ஒரே மாதிரித் தலையாட்டுகிற நமக்கே தெரிய வேண்டாமா?

க்ரீ வழக்கப்படி ஒரு மூத்தவரிடம் அறிவோ உதவியோ கேட்கப் போகிறவர் புகையிலை கொண்டுபோவார். என்ன கேட்க வந்தோம் என்பதைச் சொல்லிக் கொடுப்பார். அவர் எடுத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள், எடுக்காமலும் விடலாம். வெற்றிலை வைத்து அழைக்கும் வழக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு இதன் முறை விளங்கும். ஆயினும் நுணுக்கங்கள் சமூகத்துக்குச் சமூகம் மாறும். உங்கள் அலுவலகத்திலோ அயலிலோ உள்ள க்ரீ நண்பர் ஒருவரிடம் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். நிகழ்வுக்கு வருகிற மூத்தவருக்குரிய சன்மானத்தையும் பயணச் செலவையும் அன்றைக்கே கையில் கொடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள். விலைப்பட்டியல் அனுப்பச் சொல்லி ஒரு மாதம் காக்கவைக்கும் கணக்காளரோடு நீங்கள்தான் சண்டை பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒப்பமிடுமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை

நியமனக் கடிதத்தில் உங்கள் பொறுப்பு புதிதாக வந்தோருக்கான உடன்படிக்கைக் கல்வி என்று வரையறுக்கப்பட வேண்டும். தலைமைத்துவப் பயிற்சிக்குத் தனிப் பணிப்பாளரும் தனி வரவு செலவும் வேண்டும். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்ற முடிவு அவர் கையில் இருக்க வேண்டும். மூத்தோர் குழு ஒன்று அமைப்பதாக விண்ணப்பம் சொல்கிறதாம். அந்தக் குழு வேண்டாம் என்றால் ஒரு பாடம் நிற்குமா, அல்லது ‘கவனத்தில் கொள்ளப்படும்’ என்று எழுதிவிட்டு நடந்துவிடுமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்.

ஒலிப்பதிவுகளை மறந்துவிடாதீர்கள். மூத்தோர் பேசுவதைப் பதிந்து பாடப் பொருளாக்கும் திட்டம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அமைப்புகளின் வழமையான ஒப்பந்தப் படிவத்தில், திட்டத்தில் உருவாகும் அனைத்தும் அமைப்புக்கே சொந்தம் என்று ஒரு வரி இருக்கும். முதற்குடிகள் தங்கள் தகவல்கள் பற்றி வகுத்திருக்கும் நெறி இதற்கு நேர்மாறானது: உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் அவர்களுக்கே. அந்த வரியை நீக்காமல் ஒரு பதிவுக் கருவியையும் திறக்க வேண்டாம். சில கதைகள் பனிக்காலத்தில் மட்டுமே சொல்லப்படுபவை. அவற்றை எந்தக் காலத்திலும் ஒலிக்கும் கோப்பாக மாற்றலாமா என்பதைத் தீர்மானிக்க உங்களுக்கும் எனக்கும் தகுதியில்லை. நான் இங்கே சொல்வது பொதுவான வழிகாட்டல்தான் என்பதால், ஒப்பந்தப் படிவத்தை உள்ளூரில் வேலைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: அந்த இரு பெயர்களையும் இப்போதைக்கு எடுத்துவிடும்படியும், மூத்தோரை நேரில் கண்டு பேசும் வரை உங்கள் ஒப்பம் கிடைக்காது என்றும். பிறகு அவர்களைப் போய்ப் பாருங்கள். நிதி, விண்ணப்பம், பதவி எதுவும் அந்தச் சந்திப்பில் வேண்டாம். உங்கள் பெயர்களை எங்கள் அமைப்பு கேட்காமல் எழுதிவிட்டது, அதைச் சொல்ல வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் அந்தப் பகுதி இல்லாமலே விண்ணப்பம் போகட்டும். உங்கள் மகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பாடத்தை அவளுடைய தாயாருக்கும் தகப்பனாருக்கும் தமிழிலே சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றை நடத்த, மூத்தோரின் பெயரும் வேண்டியதில்லை, பெரிய நிதியும் வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு மண்டபமும் போதும்.